கைவேகமே!

நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்திருக்கிற அறிஞர் பெருமக்களே! என் அணித் தோழர்களே! ராத்திரிக்கு உலை வைக்க வேண்டிய நேரத்திலே அதை அப்படியே போட்டுவிட்டு, சமையலைப் பற்றிப் பேசுவதைக் கேட்க வந்திருக்கிற திருவில்லிபுத்தூர்த் தாய்மார்களே, பெரியோர்களே! (சிரிப்பு)

"வார நாள் ராத்திரிச் சமையலுக்கு வேண்டியது கைப்பக்குவமா, கைவேகமா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் இருபது நிமிஷம் பேசினார். பால்கோவாவிலே ஆரம்பித்தார். ஆண்டாள் நாச்சியார் அழகருக்கு நூறு தடா நிறைய அக்காரவடிசில் நேர்ந்துகொண்ட கதைக்குப் போனார். அங்கிருந்து விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு வந்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நாக்கிலே நீர் ஊறிப்போச்சு. ஆனால் நடுவர் அவர்களே, இவ்வளவு சொன்னவர் தலைப்பிலே உள்ள ஒரு விஷயத்தை மட்டும் சாமர்த்தியமா ஒளித்துவைத்துவிட்டார். என்ன தெரியுமா? கிழமை! (கைதட்டல்)

வார நாள்னு தலைப்பிலேயே இருக்குங்கய்யா. திங்கள், செவ்வாய், புதன். நூறு தடா அக்காரவடிசில் நேர்ச்சைக்கு. அதைச் செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எந்த வீட்டிலே பண்ணுவாங்க? பால்கோவாவுக்கு 2019-லே புவிசார் குறியீடு கிடைச்சுது, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனா இந்த ஊரிலே பிறந்தவங்க எத்தனை பேர் வீட்டிலே தினமும் பாலைக் காய்ச்சிக் கிண்டிக்கிட்டு இருக்கோம்? கடைக்குப் போறோம், கால் கிலோ வாங்குறோம், பஸ்ஸிலே ஏறுறோம். பரோட்டாவும் அப்படித்தான். அடுத்தவர் கைப்பக்குவத்தைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்து இந்த மேடையிலே உங்க கணக்கிலே எழுதாதீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நான் பேச வந்தது ஒரே ஒரு சமையலைப் பற்றி. கோழிக்கறியும் காய்கறியும் போட்டுக் கிளறுகிற நூடுல்ஸ். அரை மணி நேரத்திலே அடுப்பிலே ஏற்றி இறக்கி, தட்டிலே போட்டு, சாப்பிட்டு முடிச்சு, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க நேரம் மிச்சம் வைக்கிற சமையல்.

எதிரணிச் சகோதரி உடனே கேட்டாங்க. "நூடுல்ஸா? மண்புழு மாதிரி இருக்கும், சீனாக்காரன் சாப்பாடு, நம்ம மண்ணுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கு தாயி, சொல்றேன். உங்க வீட்டிலே அப்பளம் பொரிக்கிற அந்த இரும்புச் சட்டிக்கு நம்ம பக்கத்திலே என்ன பேரு? மெட்ராஸ்காரங்க வாணலி என்பாங்க. நாம என்ன சொல்லுவோம்? (கூட்டத்திலிருந்து: சீனச்சட்டி!) ஆங்! சீனச்சட்டி! நூத்துக்கிழவிங்களும் அதைத்தான் சொல்றாங்க. சட்டியை மட்டும் நூறு வருஷமா வீட்டிலே வைச்சுக்குவோம், அந்தச் சட்டியிலே வேகிறதை மட்டும் அந்நியம்னு வாசல்லே நிறுத்துவோமா? (பலத்த கைதட்டல்) காப்பியிலே போடுறீங்களே சீனி, அந்தப் பேரு எங்கேயிருந்து வந்துச்சு? இங்கேயிருந்து கூப்பிடு தூரத்திலே சிவகாசி. அங்கே பட்டாசு, அங்கே அச்சாபீசு. வெடிமருந்தைக் கண்டுபிடிச்சது யாரு? காகிதத்தைக் கண்டுபிடிச்சது யாரு? சீனாக்காரன் தந்த ரெண்டு பொருளிலே ஒரு ஊரே சோறு சாப்பிடுது. ஒரு ராத்திரி நூடுல்ஸ் சாப்பிட்டா பண்பாடு கெட்டுப்போயிடும்ங்கறீங்க!

சரி, சகோதரி தமிழ் படிச்சவங்க. இலக்கியத்திலேயே வருகிறேன். பத்துப்பாட்டிலே பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, ஐந்நூறு அடி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் வாங்கப் போகிற பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. வழி என்றால் சும்மா கிழக்கே போ, மேற்கே திரும்பு என்று இல்லை. எந்த ஊரிலே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுதான் வழி! (சிரிப்பு) அதிலே மருத நிலத்து உழவர் ஊருக்குப் போனால், வெள்ளைநெல்லுச் சோற்றோடு வீட்டிலே வளர்ந்த கோழியை வாட்டிக் கொடுப்பார்கள் என்று வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், அப்பம் விற்கிற கூவியர், கரிய சட்டியிலே பாகோடு சேர்த்துச் செய்த, நூல் நூலாகச் சுற்றிக்கிடக்கிற வட்டமான ஒரு பண்டம், பாலிலே மிதப்பதை உவமையாகச் சொல்கிறார் புலவர். பழைய உரையாசிரியர்கள் அதை அப்பம் என்றார்கள். இந்தக் காலத்திலே பலபேர் இடியாப்பம் என்கிறார்கள். அப்பமோ இடியாப்பமோ, இழை இழையாகச் சுற்றிய மாவுப் பண்டம் நமக்குப் பழக்கம். கோழியும் அந்தப் பாட்டிலே இருக்கு, இழையும் அந்தப் பாட்டிலே இருக்கு, கரிய சட்டியும் அந்தப் பாட்டிலே இருக்கு. நான் பண்ணினது ஒண்ணுதான். மூணையும் ஒரே அடுப்பிலே சேர்த்துவைத்தேன்! (பலத்த கைதட்டல்)

இன்னொரு சேதி. சீனாவிலே லாஜியா என்கிற இடத்திலே பூமிக்கடியிலே கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்தைத் தொல்லியல்காரர்கள் எடுத்தார்கள். உள்ளே நூடுல்ஸ். வயசு சுமார் 4000 ஆண்டு. 2005-லே அந்த ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாச்சு. அது எந்த மாவிலே செய்தது என்று சோதித்தவர்கள் சொன்னார்கள் தெரியுமா? கோதுமை இல்லீங்க. தினை! கூடவே பனிவரகு! வள்ளியம்மை பரண்மேல் நின்று கவண்கல் எறிந்து காவல் காத்தாளே, அந்தத் தினை! நூடுல்ஸுக்கு மாப்பிள்ளை வீடு சீனா என்றால் பெண் வீடு நம்ம குறிஞ்சி நிலம் என்று சொல்லலாமா இல்லையா? (சிரிப்பு) ஆராய்ச்சிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, நடுவர் ஒத்துக்கிட்டாப் போதும்.

இது பழங்கதை என்றால், பக்கத்து ஊர்க் கதை ஒண்ணு சொல்றேன். இங்கேயிருந்து ராஜபாளையம் தாண்டித் தென்காசி ரோட்டிலே போனால் கடையநல்லூர். அந்த ஊரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறிச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் பிழைக்கப் போன தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். அந்தச் சீமையிலே தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்கு என்ன பேரு? 'மாமாக்' கடை. நம்ம 'மாமா' என்கிற சொல்தான் அப்படி ஆச்சு. அந்தக் கடையிலே பேர்போன பண்டம் மீகோரிங். 'மீ' என்றால் சீனத்து ஹொக்கியன் பேச்சிலே நூடுல்ஸ். 'கோரிங்' என்றால் மலாய் மொழியிலே வறுத்தது. சீனன் தந்த இழை, மலாய்க்காரன் வைத்த பேரு, அதிலே மிளகாய் விழுதையும் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் முட்டையையும் போட்டுச் சட்டியைக் குலுக்கி இறக்கினது தமிழன் கை! ஐயா, நூடுல்ஸை வறுக்க நமக்கு யாரும் இப்பத்தான் வந்து சொல்லித்தரணும்னு இல்லை. நம்ம மாமா ரொம்ப காலத்துக்கு முந்தியே கடை போட்டுட்டாரு! (கைதட்டல்)

இப்போ கைப்பக்குவத்துக்கு வருகிறேன். எதிரணியிலே மூன்று பேரும் மாற்றி மாற்றி "எங்க அம்மா கைப்பக்குவம், எங்க பாட்டி கைப்பக்குவம்" என்றார்கள். எனக்கும் அம்மா உண்டு. 1980 வாக்கிலே நான் ஆரம்பப் பள்ளிக்கூடத்திலே படித்துக்கொண்டிருந்தேன். எங்க வீட்டிலே, இந்த வட்டாரத்திலே பல வீடுகளிலே மாதிரி, தீப்பெட்டி ஒட்டுகிற வேலை. பகலெல்லாம் அம்மா பசையும் கட்டையுமாக உட்கார்ந்திருப்பாங்க. பொழுது சாய்ந்த பிறகுதான் அடுப்பு. விறகு ஈரமா இருந்தா ஊதி ஊதியே கண்ணு சிவந்துபோகும். அம்மியிலே மல்லி, மிளகாய், சீரகம், தேங்காய். கோழி அடித்த நாளிலே குழம்பு இறங்க ஒன்பது ஒன்பதரை ஆகும். தெருவே மணக்கும். சத்தியமாச் சொல்றேன், அந்தக் குழம்பை இன்னிக்கு வரைக்கும் நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. எல்லோரும் சொல்லுவாங்க, "ஒங்க அம்மா கைப்பக்குவம் யாருக்குடா வரும்!"

நாங்க வீட்டிலே ஆறு பேரு. ஆறு பேரும் சாப்பிட்டு, பாயைப் போட்டு, பாதித் தூக்கத்துக்குப் போன பிறகு, பத்தரை மணிக்கு அம்மா உட்காருவாங்க. அப்போ சட்டியிலே என்ன இருக்கும்? கழுத்து எலும்பு ஒண்ணு இருக்கும். ஒட்டின குழம்பு கொஞ்சம் இருக்கும். அதிலே சோற்றைப் போட்டுச் சட்டியோடு பிசைந்து சாப்பிடுவாங்க. அப்புறம் பாத்திரம். பதினோரு மணிக்குப் படுத்தவங்க நாலரைக்கு எழுந்திரிக்கணும், வாசல் தெளிக்கணும். கைப்பக்குவம் கைப்பக்குவம்னு நாம புகழ்ந்தோமே, அந்தக் கைக்கு வலிச்சுதான்னு ஒருநாள் கேட்டோமா? (அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

அது அந்தக் காலம் என்பீர்கள். இந்தக் காலத்துக் கணக்கு ஒன்று சொல்கிறேன். 2019-லே இந்திய அரசின் புள்ளியியல் துறை, நாட்டு மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சமையல், துவையல், பெருக்கல் என்று சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவழித்த நேரம் சராசரி 299 நிமிஷம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆண்கள்? 97 நிமிஷம். பரவாயில்லையே என்று நினைக்காதீங்க. அது வேலை செய்கிற ஆண்களுடைய கணக்கு. நூறு ஆண்களிலே வீட்டுவேலையிலே கை வைத்தவர்களே 26 பேர்தான். மிச்சம் 74 பேரும் கைப்பக்குவத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தவர்கள்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அதோ எதிரணிப் பேராசிரியர் சிரிக்கவே இல்லை பாருங்கள்.

ராஜபாளையத்து நூற்பாலையிலே ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். காதிலே இன்னும் இயந்திரச் சத்தம். தலைமுடியிலே பஞ்சு. சத்திரப்பட்டியிலே பேண்டேஜ் துணி நெய்கிற தறியிலே நின்று வருகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்திலே அறுபது பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டு, பஸ்ஸிலே நின்றுகொண்டே வருகிற டீச்சரம்மாவை நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்குப் படியேறுகிறாள். காலை அலம்பவில்லை. "அம்மா, பசிக்குது." அந்தப் பெண்ணிடம் போய் அம்மியிலே அரைத்தால்தான் ருசி என்று சொல்ல எதிரணிக்கு மனசு வருமா?

அம்மி என்றதும் ஞாபகம் வருகிறது. கைப்பக்குவம் பேசுகிறவர்கள் வீட்டிலே மிக்ஸி இல்லையா? குக்கர் இல்லையா? 2011-லே தமிழ்நாட்டு அரசே விலையில்லாமல் மிக்ஸியும் கிரைண்டரும் வீடுவீடாகக் கொடுத்தது. வாங்க வரிசையிலே நின்றபோது "எனக்கு வேண்டாம், என் கைப்பக்குவம் கெட்டுப்போகும்" என்று யாராவது திருப்பிக் கொடுத்தார்களா? (சிரிப்பு) வேகத்தை வாங்கி வீட்டிலே வைத்துக்கொண்டு பக்குவத்தைப் பேசுகிறார்கள்!

இப்போ செய்முறை. நடுவர் ஐயா, மணியை அடிக்காதீங்க, தாய்மார்கள் இதுக்காகத்தான் காத்திருக்காங்க. ஆண்களும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்காகத்தான் சொல்கிறேன். எங்க வீட்டிலே புதன்கிழமை ராத்திரி அடுப்படி என்னுடையது. முனைவர் பட்டம் வாங்க ஐந்து வருஷம் ஆச்சு, இதைக் கற்றுக்கொள்ள ஐந்து புதன்கிழமை ஆச்சு.

நாலு பேருக்குக் கணக்கு. மசாலாப் பொட்டலம் இல்லாத வெறும் நூடுல்ஸ் 250 கிராம். எலும்பில்லாத கோழிக்கறி 300 கிராம். நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி நல்லது, அவ்வளவு சீக்கிரம் வறண்டுபோகாது. கறிக்கடையிலேயே சொன்னால் எலும்பை எடுத்துத் தருவார்கள். காரட் ரெண்டு, பீன்ஸ் பத்துப் பன்னிரண்டு, முட்டைக்கோசு ஒரு கால்துண்டு, குடைமிளகாய் ஒண்ணு, பெரிய வெங்காயம் ஒண்ணு, பூண்டு எட்டுப் பல்லு, இஞ்சி ஒரு விரற்கடை. சந்தையிலே இதையெல்லாம் 'இங்கிலீஷ் காய்' என்பார்கள். இருக்கட்டும், வயிற்றுக்குள்ளே போனதும் தமிழ் கற்றுக்கொள்ளும். (சிரிப்பு)

வீட்டுக்குள்ளே நுழைந்ததும் முதல் வேலை, பெரிய பாத்திரத்திலே ரெண்டரை லிட்டர் தண்ணீரை அடுப்பிலே வையுங்கள். அது கொதிக்கட்டும். அதற்குள்ளே கறியைச் சுண்டுவிரல் கனத்துக்கு நீளநீளமாக, மெல்லிசாக வெட்டுங்கள். ஒரு கரண்டி சோயா சாஸ், அரை ஸ்பூன் மிளகுத்தூள், ஒரு கரண்டி மக்காச்சோள மாவு போட்டுப் பிசிறி வையுங்கள். அந்த மாவு எதுக்கு? கறியைச் சுற்றி ஒரு சட்டை போட்டமாதிரி நிற்கும். சூட்டிலே கறியின் ஈரம் வெளியே ஓடாது, மெத்தென்று இருக்கும். அடுத்து காயை வெட்டுங்கள். எல்லாம் நீளவாக்கிலே, தீக்குச்சி மாதிரி. தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு அளவு சொல்லணுமா! மெல்லிசாக வெட்டுவதிலேதான் இந்தச் சமையலின் வேகமே இருக்கு. விறகு குறைவான சீமையிலே, வெட்டுகிற நேரத்தைக் கூட்டி வேகவைக்கிற நேரத்தைக் குறைத்தார்கள், அப்படி வந்ததுதான் இந்த முறை என்று சொல்வார்கள். கேஸ் விலை இருக்கிற இருப்பிலே நமக்கும் பொருந்தும்.

தண்ணீர் கொதித்ததும் உப்புப் போட்டு நூடுல்ஸைப் போடுங்கள். முழுசாக வேகவிடக்கூடாது. ஒரு இழையை எடுத்துக் கிள்ளிப் பார்த்தால் நடுவிலே ஊசிமுனை அளவு வெள்ளை தெரியணும். உடனே வடித்து, மேலே பச்சைத்தண்ணீரை ஊற்றி அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவித் தட்டிலே பரப்பிவிடுங்கள். பரப்பணும். குவித்து வைத்தால் உள்சூட்டிலே குழைந்து களியாகிப் போகும். அப்புறம் எதிரணிச் சகோதரி சொன்ன மண்புழுக் கதைதான்! (சிரிப்பு)

இப்போ சீனச்சட்டி. நன்றாகக் காயணும். லேசாகப் புகை கிளம்புகிற வரைக்கும் காயணும். ரெண்டு கரண்டி கடலை எண்ணெய். கறியைப் போட்டுப் பரப்பிவிட்டு, ஒரு நிமிஷம் தொடக்கூடாது. போட்டவுடனே கிளறினால் கறி தண்ணீர் விட்டுவிடும், வறுவல் அவியலாகிவிடும். ஒரு பக்கம் நிறம் மாறினதும் புரட்டுங்கள். மொத்தம் நாலைந்து நிமிஷம். தடித்த துண்டு ஒன்றை எடுத்து ரெண்டாக வெட்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பு இல்லாமல் வெள்ளையாக இருக்கணும். கோழிக்கறியிலே அரைவேக்காடு ஆகவே ஆகாது. வேகம் வேகமென்று பேசுகிற நான்தான் சொல்கிறேன், இந்த இடத்திலே அவசரம் கூடாது. எடுத்துத் தனியே வையுங்கள். பச்சைக்கறி வெட்டின பலகையிலே சமைத்ததை வைக்காதீங்க.

அதே சட்டியிலே இன்னும் ஒரு கரண்டி எண்ணெய். பூண்டு, இஞ்சி, கீறின பச்சைமிளகாய் ரெண்டு. வாசனை வந்ததும் வெங்காயம். அப்புறம் கெட்டியான காய் முதலிலே. பீன்ஸும் காரட்டும் ரெண்டு நிமிஷம். முட்டைக்கோசும் குடைமிளகாயும் ஒரே நிமிஷம். தீ முழுசாக இருக்கணும். மூடி போடாதீங்க. உப்பைக் கடைசியிலே போடுங்கள். முன்னாடியே போட்டால் காய் நீர்விட்டுத் தொளதொளத்துப் போகும். கடித்தால் நறுக்கென்று சத்தம் கேட்கணும். இப்போ நூடுல்ஸ், வறுத்த கறி, இன்னும் ஒண்ணரைக் கரண்டி சோயா சாஸ், ஒரு ஸ்பூன் வினிகர், தாராளமாக மிளகு. சோயா சாஸிலேயே உப்பு இருக்கு, ருசி பார்த்துவிட்டு உப்பைத் தொடுங்கள். ரெண்டு கரண்டியாலே அள்ளி அள்ளிப் போட்டு ரெண்டு நிமிஷம். வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள். ஒன்று முக்கியம். நாலு பேருக்கானதை ஒரே தடவையிலே சட்டியிலே கொட்டாதீங்க. பஸ் ஸ்டாண்டு எதிரிலே தள்ளுவண்டியிலே சட்டியைக் குலுக்குகிறானே, அவன் அடுப்பு ராக்கெட் மாதிரி சீறும். நம்ம வீட்டு அடுப்புக்கு அந்த வேகம் கிடையாது. ரெண்டு பங்காகப் பிரித்துச் செய்தால் சூடு இறங்காது. கறி சாப்பிடாத வீட்டுக்காரர்கள் காளானோ பன்னீரோ போட்டுக்கொள்ளுங்கள், முறை இதேதான்.

கடிகாரத்தைப் பாருங்கள். ஏழு மணிக்கு ஆரம்பித்தது, ஏழு முப்பத்தைந்துக்குள்ளே தட்டிலே இருக்கு. கோழி இருக்கு, அஞ்சு விதக் காய் இருக்கு, மாவுச்சத்து இருக்கு. கழுவ வேண்டியது ஒரு பாத்திரமும் ஒரு சட்டியும்தான். இது எல்லாவற்றையும்விடப் பெரிது ஒன்று இருக்கு நடுவர் அவர்களே! இந்தச் சாப்பாட்டைச் சூடாகத்தான் சாப்பிடணும். ஆறினால் நல்லா இருக்காது. அதனாலே ஆளுக்கொரு நேரத்துக்கு வந்து சாப்பிட முடியாது. சமைத்தவரும் அதே நேரத்திலே, அதே சூட்டோடு, எல்லோருடனும் உட்கார்ந்தாகணும்! (நீண்ட கைதட்டல்)

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் ஒரு குண்டு போட்டார். "நூடுல்ஸ் விஷமென்று அரசாங்கமே தடை போட்டதே, மறந்துபோச்சா?" மறக்கவில்லை. 1983-லே மாகி நூடுல்ஸ் 'ரெண்டு நிமிஷம்' என்று இந்தியாவுக்கு வந்தது. 2015 ஜூன் மாதம், ஈயம் அதிகம் என்ற புகாரிலே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்தது. அதுவரைக்கும் சொன்னீர்கள். மிச்சத்தையும் சொல்ல வேண்டாமா? அதே ஆகஸ்டிலே பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து, மறுபடி பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னது. சோதனையிலே தேறி நவம்பரிலே கடைக்கு வந்துவிட்டது. நான் அந்தக் கம்பெனிக்கு வக்கீல் இல்லை. பொட்டலத்து நூடுல்ஸை எண்ணெயிலே பொரித்துத்தான் உலர்த்துகிறார்கள், மசாலாப் பொட்டலத்திலே உப்பு அதிகம், அதைத் தினம் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் என்று நானும்தான் சொல்கிறேன். நான் சொன்ன செய்முறையிலே அந்தப் பொட்டலம் எங்கே இருக்கு? காய்கறி நறுக்கினது யாரு? மிளகு அரைத்தது யாரு?

அந்தப் பொட்டல நூடுல்ஸ் பிறந்த கதையையும் கேளுங்கள். மொமொஃபுகு ஆண்டோ என்று ஒருவர். பேரே நம்ம ஊர் ஆண்டவர் மாதிரி! (சிரிப்பு) ஜப்பானிலே, போருக்குப் பிறகு சனங்கள் ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்குக் குளிரிலே வரிசையிலே நின்றதைப் பார்த்த மனுஷன். 1958-லே, தன் 48-ஆம் வயதிலே, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையிலே உட்கார்ந்து, வெந்நீர் ஊற்றினால் தயாராகிற நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். எப்படி உலர்த்துவது என்று தெரியாமல் தவித்தபோது, மனைவி எண்ணெயிலே பஜ்ஜி மாதிரி டெம்புரா பொரிப்பதைப் பார்த்தாராம், வழி கிடைத்ததாம். முதலிலே கடைக்கு வந்த ருசி என்ன தெரியுமா? கோழி! அந்த அம்மா அடுப்படியிலே நின்றதாலே உலகத்துக்கு ஒரு சாப்பாடு கிடைத்தது, பேரு என்னமோ ஐயாவுக்குத்தான் போச்சு. எதிரணி இதையும் கைப்பக்குவத்துக்குக் கணக்கு எழுதுமோ என்னமோ! (சிரிப்பு)

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார் எதிரணித் தலைவர். "உங்க பிள்ளை நாளைக்கு அமெரிக்காவிலே உட்கார்ந்து எதை நினைத்து ஏங்குவான்? அம்மா வைத்த கோழிக்குழம்பையா, இந்த நூடுல்ஸையா?"

ஐயா, என் மகள் சென்னையிலே விடுதியிலே தங்கி வேலை பார்க்கிறாள். போன மாசம் போன் பண்ணினாள். "அப்பா, இங்கே அறையிலே நாங்க மூணு பேரு ஒரு சின்ன அடுப்பு வாங்கியிருக்கோம். புதன்கிழமைச் சாப்பாட்டுக்கு முதல்லே கறியா, காயா?" என்று கேட்டாள். நூடுல்ஸ் என்றுகூட அவள் சொல்லவில்லை நடுவர் அவர்களே, 'புதன்கிழமைச் சாப்பாடு' என்றாள். (கைதட்டல்) கறிதான் முதலிலே, போட்டதும் கிளறாதே, ஒரு நிமிஷம் பொறு என்றேன். குழம்பு? அதுவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் நானும் சேர்ந்து வைக்கிறோம், அம்மா சொல்லிக்கொடுத்த அதே மசாலா, எட்டு மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுகிறோம்.

இதோ நடுவர் மணியை அடித்துவிட்டார். மணி எட்டேகால். எதிரணியினர் இனிமேல் வீட்டுக்குப் போய் மசாலா அரைக்க ஆரம்பித்தால் சாப்பிடப் பதினோரு மணியாகும். கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்! (பலத்த சிரிப்பு)